சுண்டெலியின் சாட்சியம்



நோய்களின் வரலாற்றைப் படிக்கும்போது, எந்த மருந்தை யார் எப்போது கண்டுபிடித்தார் என்பதையே நாம் பெரும்பாலும் தேடுகிறோம். பாடநூல்களும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. ஆனால் பல நோய்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது பழியின் வரலாறு. காரணம் விளங்காத நோய் ஒன்று தோன்றும்போது, அதற்கு யாரையேனும் பொறுப்பாக்கினாலன்றி மனித மனம் அமைதியடைவதில்லை. தொழுநோய் கண்டவனைப் பாவி என்றார்கள். வலிப்பு வந்தவனைப் பேய் பிடித்தவன் என்றார்கள். உண்மைக் காரணம் வெளிப்பட்ட பின்னரே அத்தகைய பழி தளரத் தொடங்கிற்று. அவ்வாறு சுமத்தப்பட்டு, மெல்ல மெல்ல நீங்கிய பழியொன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பழி சுமந்தவர்கள் குடல் அழற்சி நோயாளிகள். அவர்கள் சார்பில் சாட்சி சொன்ன உயிர், நம் வீட்டு அடுக்களையில் பொறி வைத்துப் பிடிக்கிறோமே, அந்தச் சுண்டெலி.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். குடல் அழற்சி நோய் என்பது இரு நோய்களுக்கு இட்ட பொதுப் பெயர். ஒன்று பெருங்குடல் புண்ணழற்சி. இது பெருங்குடலின் உட்பூச்சைத் தாக்குவது. மற்றொன்று கிரோன் நோய். இது வாய் முதல் எருவாய் வரை உணவுப் பாதையின் எப்பகுதியிலும் தோன்றலாம். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவலாம். இரண்டிலும் வயிற்றுவலி, ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு, மெலிவு, சோர்வு ஆகியன காணப்படும். சில மாதங்கள் அடங்கியிருக்கும்; பின்னர் மீண்டும் சீறும். கிருமியொன்று தொற்றிச் சில நாட்களில் நீங்கும் வயிற்றுக் கடுப்பு வேறு. ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் இந்நோய் வேறு. இது பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அதாவது, இப்பேச்சைக் கேட்கும் உங்கள் வயதினரையே அது மிகுதியாக நாடுகிறது.

இதன் வரலாறு ஒரு கொலை வழக்கில் தொடங்குகிறது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். 1859ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்னும் பெண்மணி காலமானார். பல வாரங்கள் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்று, உடல் மெலிந்து இறந்தார். அவரை மணம் செய்துகொண்டிருந்தவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்னும் மருத்துவர். அம்மருத்துவருக்கு முன்னரே ஒரு மனைவி உண்டு. பேங்க்ஸ் அம்மையாரோ செல்வம் உடையவர்; இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தம் உடைமையை அவருக்கு எழுதிவைத்திருந்தார். இவ்வளவும் சேர்ந்தபின் ஊரார் ஐயுறாமல் இருப்பார்களா? நஞ்சு கொடுத்துக் கொன்றார் என்று ஸ்மெதர்ஸ்டின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஆல்பிரட் ஸ்வைன் டெய்லர், ஆர்செனிக் என்னும் நஞ்சைக் கண்டதாக முதலில் கூறினார். தம் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே அந்நஞ்சு கலந்திருந்தது என்பதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஆகஸ்டு மாதத்தில் ஸ்மெதர்ஸ்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்னும் மருத்துவர் அப்பெண்மணியின் குடலை ஆராய்ந்திருந்தார். அதில் அழற்சியும் புண்களும் நிறைந்திருந்தன. தாம் கண்டதை அவ்வாண்டிலேயே ஒரு மருத்துவ இதழில் கடிதமாக வெளியிட்டார். பெருங்குடல் புண்ணழற்சி தனியொரு நோய் என்னும் கருத்து மருத்துவ உலகில் வேரூன்றியதற்கு அக்கடிதத்தைத் தொடக்கமாகக் கூறுவது மரபு. அவர் கண்டது உண்மையில் கிரோன் நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தார் சிலர் கருதினர். எவ்வாறாயினும் கொலைக் குற்றத்துக்குரிய சான்று ஐயத்துக்கிடமானது என்று கருதி, அரசாங்கம் ஸ்மெதர்ஸ்டை மன்னித்தது. ஒரு மனைவி இருக்க மற்றொருத்தியை மணந்த குற்றத்துக்காக மட்டும் அவர் ஓராண்டுச் சிறையில் இருந்தார். அவர் நல்லவரா தீயவரா என்பது நமக்கு வேண்டுவதன்று. குடல் தானாகவே இவ்வாறு புண்ணாக முடியும் என்பதை அறியாத ஓர் உலகம், நஞ்சிட்டவன் ஒருவனைத் தேடிற்று என்பதே நாம் கருதத் தக்கது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1932ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் மருத்துவர் மூவர், சிறுகுடலின் கடைப்பகுதியில் தோன்றிய அழற்சியைப் பதினான்கு நோயாளிகளிடம் கண்டு விரிவாக எழுதினர். அம்மூவர் பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் என்போர். ஆங்கில அகர வரிசையில் கிரோனின் பெயர் முதலில் நின்றது. அதனால் நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. புகழுக்கும் அகர வரிசைக்கும் உள்ள இவ்வுறவை, வருகைப் பதிவேட்டில் கடைசியாக அழைக்கப்படும் மாணவர்கள் நன்கு உணர்வார்கள்.

பெயர் கிடைத்துவிட்டது, காரணம் கிடைக்கவில்லை. கிருமியைத் தேடினார்கள், உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. எனவே பழி வேறொரு பக்கம் திரும்பிற்று. நோயாளிக்கு நஞ்சிட்டவன் எவனும் இல்லையென்றால், நோயாளியே தன் நோய்க்குப் பொறுப்பு என்று சொல்லத் தலைப்பட்டனர். 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மரே என்பவர், பெருங்குடல் புண்ணழற்சிக்கு மனக்கலக்கமே வித்து என்னும் கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1950ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து உளப்பகுப்பாய்வு அறிஞர் பிரான்ஸ் அலெக்சாண்டர் வெளியிட்ட நூல், உள்ளத்துப் போராட்டங்களோடு இணைத்துப் பேசப்பட்ட ஏழு நோய்களைப் புகழ்பெறச் செய்தது. ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், வயிற்றுப்புண் முதலியவற்றோடு பெருங்குடல் புண்ணழற்சியும் அவ்வேழில் ஒன்றாக இடம்பெற்றது. நோயாளி பிறரைச் சார்ந்து வாழ்பவர், தாயை விட்டுப் பிரியாதவர், சினத்தை உள்ளே அடக்குபவர் என்றெல்லாம் அவரது குணத்துக்கு இலக்கணம் வகுக்கப்பட்டது. அதைப் படித்த தாய்மார் எத்தனை பேர் தம்மையே நொந்துகொண்டிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

இக்கருத்து நூலகத்தோடு நின்றுவிடவில்லை. நான் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில் எங்கள் பள்ளியில் இறுதி வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். பாடவேளையில் இருமுறை, மும்முறை வெளியே செல்ல அனுமதி வேண்டுவான். தேர்வு நெருங்க நெருங்க அது மிகுந்தது. ‘தேர்வைக் கண்டு நடுங்குகிறான், வேறொன்றுமில்லை’ என்றார் அவனுடைய வகுப்பாசிரியர். அவன் தந்தை அழைத்துச் சென்ற மருத்துவரும் அதையே சொல்லித் தைரியம் கூறி அனுப்பினார். பையனும் அதை நம்பினான்; தான் கோழை என்றே எண்ணிக்கொண்டான். இரத்தம் கசிந்து உடல் வெளுத்த பின்னரே பெரிய மருத்துவமனையில் நோயின் பெயர் தெரிந்தது. மருத்துவம் பெற்றுத் தேறி, ஓராண்டு கழித்துத் தேர்வும் எழுதினான். நோயினும் அவனை வாட்டியது தன்னைப் பற்றி அவன் கொண்ட இழிவெண்ணமே. அக்காரணம் பற்றியே இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்கலானேன்.

நிற்க. நோயாளியின் மனமே குற்றவாளி என்னும் வாதத்தை எவ்வாறு சோதிப்பது? மனிதர் ஒவ்வொருவரும் வெவ்வேறு வீட்டில் பிறந்து, வெவ்வேறு உணவு உண்டு, வெவ்வேறு கவலையோடு வாழ்பவர். ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வாராத நோய்க்கு, அவர்களிடையே உள்ள எந்த வேறுபாடு காரணம் என்று பிரித்தறிதல் அரிது. ஒரே குருதி வழியினராய், ஒரே இடத்தில் ஒரே உணவுண்டு வளர்ந்து, ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபடும் இரு கூட்டத்தார் வேண்டும். மனிதரில் அதற்கு வழியில்லை. சுண்டெலிகளில் உண்டு.

அவ்வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் ஒரு பள்ளி ஆசிரியை என்பதை மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன். அபி லாத்ராப் என்னும் அந்த அம்மையார், உடல்நலக் குறைவால் ஆசிரியப் பணியை விட்டு, 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்னும் ஊரில் குடியேறினார். கோழி வளர்த்துப் பார்த்தார், பயன் தரவில்லை. பின்னர், செல்லப் பிராணியாக விரும்பி வாங்குவோருக்காகச் சுண்டெலி வளர்க்கலானார். 1902ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் காசில், மரபுவழி ஆராய்ச்சிக்காக அவரிடம் எலிகள் வாங்கினார். காசிலின் மாணவர் கிளாரன்ஸ் குக் லிட்டில், உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைத்து, இரட்டையரைப் போல் ஒத்த எலிக் குலங்களை உண்டாக்கும் முறையை வளர்த்தார். லாத்ராப் அம்மையாரின் பண்ணையிலிருந்து வந்த எலிகளின் வழியில், 1921ஆம் ஆண்டில் கரு நிறக் குலம் ஒன்று உருவாயிற்று. உலகின் ஆராய்ச்சிக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் எலிக் குலம் அதுவே. 2002ஆம் ஆண்டில் சுண்டெலியின் மரபுத் தொகுதியை முதன்முதல் விரிவாகப் படித்து வெளியிட்டபோது, அக்குலத்து எலியையே தேர்ந்தெடுத்தனர். லிட்டில் 1929ஆம் ஆண்டில் மெயின் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1947ஆம் ஆண்டில் காட்டுத்தீ அதனை அழித்தபோது, முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆராய்ச்சியாளர் பலர், அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பி அதனை மீண்டும் வாழச் செய்தனர்.

இத்தகைய எலிகள் குடல் அழற்சிக்குச் சாட்சி சொல்ல வந்தது 1993ஆம் ஆண்டில். நம் உடலில் நோய் எதிர்ப்பாற்றல் ஒரு காவற்படை போன்றது. படைக்குப் ‘பொருது’ என்னும் ஆணையும் வேண்டும். ‘போதும், நிறுத்து’ என்னும் ஆணையும் வேண்டும். நிறுத்தும் ஆணையைத் தாங்கிச் செல்லும் பொருள்களுள் ஒன்று இன்டர்லூக்கின்-10 என்பது. ஜெர்மனி நாட்டுக் கோலோன் நகரத்து ஆராய்ச்சியாளர், அப்பொருளை ஆக்கும் மரபணு ஒன்றை மட்டும் நீக்கி எலிகளைப் பிறப்பித்தனர். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றின, இரத்தம் குறைந்தன, அவற்றின் குடல் தீராத அழற்சி கொண்டது. அம்மரபணு குறையாத எலிகள் நலமாயிருந்தன. அதே இதழில், வேறு எதிர்ப்பாற்றல் மரபணுக்களை இழந்த எலிகளும் இவ்வாறே குடல் அழற்சி கொண்டதாக மேலும் இரு கட்டுரைகள் வெளிவந்தன. எதிர்ப்பாற்றலை ஆராய வந்தவர்கள், குடல் நோயைக் கண்டு திகைத்தனர் எனலாம்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். அவ்வெலிக்குத் தேர்வு இல்லை. அடக்கிவைத்த சினத்துக்கும் தாயின் கண்டிப்புக்கும் கதை கட்டுவார் இல்லை. ஓர் ஆணை குறைந்தது, குடல் புண்ணாயிற்று. மனக்கவலை, இருக்கும் நோயின் துன்பத்தை மிகுவிக்கலாம்; அதை எந்த மருத்துவரும் மறுப்பதில்லை. ஆனால் நோயைப் பெறுவதற்கு நோயாளியின் குணக்கேடு தேவையில்லை என்பதைச் சுண்டெலி காட்டிவிட்டது.

அடுத்த வினா: காவற்படை யாரை எதிர்த்துப் பொருதது? இதற்கு விடை காண, கிருமியற்ற எலிகள் துணை செய்தன. நுண்ணுயிர் இன்றி விலங்கு வாழவே இயலாது என்று 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் கருதினார். பத்தாண்டு கழித்துப் பெர்லினில் நட்டால், தீர்ஃபெல்டர் என்னும் இருவர், தாயின் வயிற்றைக் கீறி எடுத்த கினிப்பன்றிக் குட்டியைச் சில நாட்கள் நுண்ணுயிரின்றி வளர்த்துக் காட்டினர். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்து ரேனியர்ஸ், 1928ஆம் ஆண்டு முதல் எஃகுக் கூண்டுகளை அமைத்து இம்முயற்சியை வளர்த்தார். 1957ஆம் ஆண்டில் டிரெக்ஸ்லர் என்பவர் நெகிழிக் கூடாரம் போன்ற எளிய அமைப்பைச் செய்த பின்னர், கிருமியற்ற எலிகளை வளர்த்தல் பல இடங்களிலும் கைகூடிற்று. 1998ஆம் ஆண்டில், இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகளை இவ்வாறு கிருமியற்ற சூழலில் வளர்த்துப் பார்த்தனர். அவற்றுக்குக் குடல் அழற்சி வரவில்லை. குடலில் இயல்பாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களை உட்புகுத்தினார்கள், அழற்சி வந்தது. ஆகவே மரபணுக் குறை மட்டும் போதாது. நுண்ணுயிர்களும் இருந்தாலன்றி நோய் இல்லை என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் நுண்ணுயிர்கள்தாம் குற்றவாளிகள் என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அவ்வாறு விரைந்து தீர்ப்பளிப்பதே இவ்வரலாறு முழுவதும் நாம் கண்ட பிழை. இங்கேதான் வளர்சிதை மாற்றம் பற்றிய ஆராய்ச்சி நமக்குத் துணைக்கு வருகிறது.

உணவை உடல் எரித்து ஆற்றலாக்குவதும், அவ்வாற்றலால் புதிய பொருள்களைக் கட்டுவதும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம். உடலின் மற்ற உறுப்புகள் தமக்கு வேண்டிய எரிபொருளை இரத்தத்திலிருந்து பெறுகின்றன. பெருங்குடலின் உட்பூச்சு மட்டும் வழக்கத்துக்கு மாறானது. கீரை, தவிடு, பருப்புத் தோல் முதலியவற்றின் நாரை நம்மால் செரிக்க இயலாது. அது பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நொதிக்கச் செய்து சில சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்று பியூட்டிரேட். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் பியூட்டிரிக் அமிலத்தின் நாற்றமே. நாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அப்பொருள், பெருங்குடலுக்கு அமுது. ரோடிகர் என்னும் அறுவை மருத்துவ ஆராய்ச்சியாளர், மனிதரின் பெருங்குடலிலிருந்து எடுத்த உயிரணுக்களைச் சோதித்து, அவை செலவிடும் ஆக்சிஜனில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் பியூட்டிரேட்டை எரிப்பதற்கே செலவாகிறது என்று 1980ஆம் ஆண்டில் கண்டறிந்தார். புண்ணழற்சி உடையவர்களின் உயிரணுக்களோ பியூட்டிரேட்டைச் சரிவர எரிக்கவில்லை; சர்க்கரையை மிகுதியாகச் செலவிட்டன. இந்நோய் ஆற்றல் பற்றாக்குறையால் விளைவதோ என்று அவ்வாண்டிலேயே ஒரு கட்டுரையின் தலைப்பில் அவர் கேட்டார். அத்தலைப்பின் இறுதியில் கேள்விக்குறி இருந்தது. அக்கேள்விக்குறியை நான் பெரிதும் மதிக்கிறேன். பசியால் புண் வந்ததா, புண் வந்ததால் உண்ண முடியவில்லையா என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அதன் ஒரு பகுதிக்கு விடை தந்ததும் சுண்டெலியே. 2011ஆம் ஆண்டில் வட கரோலினா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், கிருமியற்ற எலிகளின் பெருங்குடல் உயிரணுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் ஆற்றல் வெகுவாகக் குறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் விதைநெல்லையும் குத்தி உண்ணும் குடியானவனைப் போல, அவ்வுயிரணுக்கள் தம் உள்ளுறுப்புகளையே சிதைத்து உண்ணத் தொடங்கியிருந்தன. பியூட்டிரேட்டைக் கொடுத்தவுடன் அவை பழைய நிலைக்கு மீண்டன. நுண்ணுயிர்களே பெருங்குடலுக்குச் சோறிடுகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். பசித்திருந்த அவ்வெலிகளுக்குக் குடல் அழற்சி இல்லை. எனவே பசி மட்டுமே நோயாகாது. நுண்ணுயிர் இல்லையேல் நோயும் இல்லை. நுண்ணுயிர் இல்லையேல் உணவும் இல்லை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே மனத்தில் கொள்பவனே இந்நோயை அறியத் தகுதி பெறுகிறான்.

இரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன? நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி ஊருக்கு நீர் தருகிறது. ஊரார் கரையைக் காக்கிறார்கள். ஏரி வறண்டால் ஊரார் வெளியேறுவர். ஊரார் வெளியேறினால் கரை உடையும். குடலிலும் அத்தகைய உறவு உண்டு. பியூட்டிரேட் தரும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தாங்காதவை. உட்பூச்சின் உயிரணுக்கள் பியூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைப் பெரிதும் செலவிட்டுவிடுவதால், குடலின் உள்ளே அது மிகுதியாகக் கசிவதில்லை. அந்நுண்ணுயிர்கள் இனிது வாழ்கின்றன. கலிபோர்னியாவில் 2017ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து அந்நுண்ணுயிர்களை எலிகளிடம் குறைத்தனர். உயிரணுக்கள் பியூட்டிரேட் இன்றி, ஆக்சிஜன் வேண்டாத முறையில் சர்க்கரையைச் சிதைக்கத் தொடங்கின. செலவாகாத ஆக்சிஜன் குடலினுள் கசிந்தது. அதை விரும்பும் வேறு வகை நுண்ணுயிர்கள், கேடு செய்யக் கூடியவை உட்பட, பெருகின. கரை உடைந்தது எனலாம். பியூட்டிரேட் உணவு மட்டுமன்று, தூதும் ஆகும். எதிர்ப்பாற்றல் படையில் அமைதி காக்கும் அணுக்கள் பெருகுவதற்கு அது துணை செய்கிறது என்று 2013ஆம் ஆண்டில் ஜப்பானிலும் நியூயார்க்கிலும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தோர் கண்டனர். ஆக, சோறிடுபவனும், வீட்டுக்காரனும், காவலனும் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள். அவ்வுறவு முறிவதே இந்நோய். தனியொரு குற்றவாளியைத் தேடியவர்கள் நூறாண்டுக்கு மேல் ஏமாந்ததற்குக் காரணம் இதுவே.

இவ்வறிவு நம் நாட்டிலும் பயன் கண்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், காலராவால் வாடியவர்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தனர். அம்மாவுச்சத்து பெருங்குடலில் கொழுப்பு அமிலங்களாகி, உப்பையும் நீரையும் உடல் உறிஞ்சுவதற்கு உதவிற்று, வயிற்றுப்போக்குக் குறைந்தது. இது 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காலரா வேறு, குடல் அழற்சி வேறு. ஆனால் பெருங்குடலுக்கு அதன் உணவை அளித்தால் அது தன் கடமையைச் செய்யும் என்னும் கருத்து ஒன்றே.

சாட்சி எவ்வளவு நேர்மையானதாயினும், குறுக்கு விசாரணை இன்றி ஏற்றல் முறையன்று. சுண்டெலி மனிதனன்று. இன்டர்லூக்கின்-10 இல்லாமையால் எலிக்கு நோய் வந்தது என்பதைக் கொண்டு, அப்பொருளையே மருந்தாக்கிக் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டு வாக்கில் வெளியான முடிவுகள், எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை என்று காட்டின. பியூட்டிரேட்டை எருவாய் வழியாகச் செலுத்தும் மருத்துவம், 1992ஆம் ஆண்டில் பத்து நோயாளிகளிடம் நம்பிக்கை அளித்தது. பின்னர் நிகழ்ந்த பெரிய சோதனைகளில் அந்நன்மை உறுதிப்படவில்லை. கூண்டில் ஒரே உணவுண்டு வளரும் எலியின் குடலும், ஆயிரம் வகை உண்டு வாழும் மனிதனின் குடலும் ஒன்றல்ல. ஆகையால், எலியிடம் கண்டதைப் படித்துவிட்டுத் தாமே மருத்துவம் செய்துகொள்வதும், மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு நாருணவை மட்டும் நம்புவதும் பேதைமை. நோய் சீறும் காலத்தில் மிகுந்த நார் சிலருக்குத் துன்பமே தரும்.

ஆனால் அதே சாட்சி, மற்றோரிடத்தில் உயிரையே காத்தது. பிறந்த சில மாதங்களிலேயே கொடிய குடல் அழற்சியால் வருந்தும் குழந்தைகள் உண்டு. 2009ஆம் ஆண்டில், அத்தகைய குழந்தைகள் சிலரிடம், இன்டர்லூக்கின்-10 கொண்டுவரும் ஆணையை ஏற்கும் வாயிலில் மரபணுக் குறை இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் எலி சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஆணையை ஏற்காத படையை மாற்றிப் புதிய படையை அமைப்பதே வழி என்று, அவர்களுள் ஒரு குழந்தைக்கு உடன்பிறந்தவரின் எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்தினார்கள். குழந்தையின் நோய் அடங்கிற்று. எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. அரிய ஒரு வகையினருக்கே பொருந்தும். ஆயினும் எலியிடமிருந்து கற்ற பாடம் ஒரு குழந்தைக்கு வாழ்வளித்தது என்பது சிறிய செய்தியன்று.

மாணவர்களே! இவ்வரலாற்றில் நஞ்சு குற்றம் சாட்டப்பட்டது. மனம் குற்றம் சாட்டப்பட்டது. தாய் குற்றம் சாட்டப்பட்டாள். நுண்ணுயிரும் குற்றம் சாட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும், சான்று வருமுன் தீர்ப்பு வந்துவிட்டது. உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், எல்லோரும் யாருக்கேனும் நண்பராக இருப்பீர்கள். உங்கள் அருகில் அமர்ந்திருப்பவன் அடிக்கடி எழுந்து வெளியே சென்றால் நகையாதீர்கள். வகுப்பில் அவ்வனுமதி கேள்வியின்றிக் கிடைக்கச் செய்வது ஆசிரியர் கடமை. நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு, காரணமற்ற மெலிவு இவை உங்களிடமே தோன்றினால் நாணி மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள், மருத்துவரைக் காணுங்கள். நோயை முற்றும் போக்கும் மருந்து கைக்கு வரவில்லையாயினும், 1955ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களான டுரூலவும் விட்ஸும் 210 நோயாளிகளிடம் கார்ட்டிசோனின் பயனை மெய்ப்பித்த காலம் முதல், அதை அடக்கி வைக்கும் மருந்துகள் பெருகியுள்ளன. உரிய காலத்தில் மருத்துவம் பெற்றோர் பலர் கல்வி கற்று, தொழில் செய்து, குடும்பத்தோடு வாழ்கின்றனர்.

நோய்க்குக் காரணம் தெரியாத இடத்தில், ‘தெரியவில்லை’ என்று கேள்விக்குறி இடுவது அறிவுடையோர் செயல். அவ்விடத்தில் நோயாளியின் பெயரை எழுதிவிடுவது அறமும் அன்று, அறிவியலும் அன்று.